எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லதா? - ஒரு பி.காம் மாணவனின் புலம்பல்



போன தடவை ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பற்றி எழுதி உங்களில் பாதிப் பேரைத் தூங்க வைத்தேன். மீதிப் பேரை விட்டுவைத்தால் நன்றாக இருக்காது, அதனால் இந்த முறை பயாலஜி. "பி.காம் படிக்கிற உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று வகுப்புத் தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. பதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நடுவில் ஆடிட்டிங் பேப்பரும் வரும் :-)

விஷயத்துக்கு வருகிறேன். 2020-ல் கொரோனா வந்ததிலிருந்து "இம்யூனிட்டி" என்ற சொல்லுக்கு நம் ஊரில் பயங்கர மவுசு. பால் பவுடர், பிஸ்கட், டீத்தூள், ஜூஸ், சூப் பொடி என்று எதைக் கையில் எடுத்தாலும் அட்டையில் "நோய் எதிர்ப்பு சக்தியை அதிகரிக்கும்" என்று ஒரு வரி. கொரோனா பயம் போய்விட்டது, அந்த வரி மட்டும் போகவில்லை. விற்கிறதே, எப்படிப் போகும்?

அந்த வரிக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எதிர்ப்பு சக்தி என்பது பேங்க் பேலன்ஸ் மாதிரி, கூடக் கூட நல்லது என்பதுதான் அது. என் கட்சி என்னவென்றால், அந்த நம்பிக்கையே தப்பு. எதிர்ப்பு சக்தியை ஒரு ஆபீசில் செலவு செய்யும் அதிகாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதிகாரம் கூடிக்கொண்டே போனால் ஆபீஸ் உருப்படுமா? யார் கையெழுத்துப் போடலாம், எப்போது போடலாம், போட்டதை யார் ரத்து செய்யலாம் என்பதில்தான் ஆபீஸ் நிற்கிறது. நம் உடம்பிலும் இதே கதைதான். அங்கே கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு 'புரோட்டீன் கைனேஸ்' என்று பெயர்.

முதலில் இந்த வீக்கம் எங்கிருந்து வருகிறது?

காலில் முள் குத்துகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் சுமார் இரண்டாயிரம் வருஷம் முன்னாலேயே செல்சஸ் என்ற ரோமானியர் வரிசையாக எழுதி வைத்துவிட்டார். பாடப் புத்தகத்தில் இதற்கு 'அழற்சி' என்று பெயர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த நான்கையும் செய்வது பெரும்பாலும் கிருமி இல்லை, நாமேதான். ரத்தக் குழாய்களை விரிய வைத்து, அவற்றைக் கொஞ்சம் ஒழுக விட்டு, வெள்ளை அணுக்களை அங்கே கூப்பிட்டு, "வந்து அடி" என்று சொல்வது நம் சொந்த செல்கள். வரும் அணுக்கள் கக்கும் அமிலமும் நொதிகளும் கிருமியைக் கொல்லும், பக்கத்தில் இருக்கும் நம் திசுவையும் சேர்த்து அரிக்கும். சண்டை நடக்கும் தெருவில் கடைக் கண்ணாடி உடையாமல் இருக்குமா? அதனால் எவ்வளவு சீக்கிரம் சண்டையை ஆரம்பிக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியமோ, எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம்.

ரப்பர் ஸ்டாம்ப் வேலை

கைனேஸ் என்ன செய்கிறது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட் இருக்கும். அதில் கடைசி பாஸ்பேட்டைப் பிய்த்து இன்னொரு புரோட்டீன் மேல் ஒட்டும். அவ்வளவுதான். பாஸ்பேட்டுக்கு நெகட்டிவ் சார்ஜ் அதிகம், அதனால் ஒட்டியதும் அந்தப் புரோட்டீன் வடிவம் மாறும், அல்லது வேறொரு புரோட்டீன் வந்து பிடித்துக்கொள்ளும். தூங்கிக்கொண்டிருந்தது வேலை செய்ய ஆரம்பிக்கும், சில சமயம் வேலை செய்துகொண்டிருந்தது நிற்கும். ஃபைலில் 'அப்ரூவ்ட்' முத்திரை விழுந்த மாதிரி.

முத்திரையை அழிக்கவும் ஆள் உண்டு. அதற்கு 'பாஸ்படேஸ்' என்று பெயர். இது ஒட்டிய பாஸ்பேட்டை வெட்டி எடுத்துவிடும். குத்தவும் முடியும், அழிக்கவும் முடியும் என்பதுதான் இதன் அழகே. 1950களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசையில் சர்க்கரைச் சேமிப்பை உடைக்கும் ஒரு நொதியை ஆராயும்போது இதைக் கண்டுபிடித்தார்கள். நோபல் பரிசு வந்தது 1992-ல். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் காத்திருந்தார்கள். நாம் ரீவேல்யூவேஷன் ரிசல்ட்டுக்கு நாற்பது நாள் காத்திருக்கவே புலம்புகிறோம்.

மனித ஜீனோம் வரைபடம் வந்த பிறகு 2002-ல் எண்ணிப் பார்த்தபோது நம்மிடம் இருக்கும் கைனேஸ்கள் 518 என்று கணக்கு வந்தது. நம் மொத்த ஜீன்களில் இது ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்கு. ஒரு நிறுவனத்தில் நூற்றுக்கு இரண்டு பேர் ஸ்டாம்ப் குத்துவதற்கு மட்டுமே இருக்கிறார்கள் என்றால், அங்கே அனுமதி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஃபைல் எப்படி நகர்கிறது?

நம் திசுக்களில் மேக்ரோஃபேஜ் என்று ஒரு வகை செல் உண்டு. வாட்ச்மேனும் அதுதான், குப்பை அள்ளுவதும் அதுதான். அதன் தோலில் டி.எல்.ஆர்.4 என்று ஒரு உணர்வி இருக்கிறது. சில பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற கொழுப்புப் பொருளை அது மோப்பம் பிடிக்கும். (இதைக் கண்டுபிடித்த ப்ரூஸ் பாய்ட்லருக்கு 2011-ல் நோபலில் பங்கு கிடைத்தது.)

மோப்பம் பிடித்ததும் செல்லுக்குள் ஃபைல் நகர ஆரம்பிக்கும். உணர்வியின் அடிப்பக்கத்தில் இராக்-4 என்ற கைனேஸ் வந்து சேரும். அது இராக்-1 மேல் முத்திரை குத்தும். அங்கிருந்து இன்னும் சில மேஜைகளைத் தாண்டி டாக்-1 என்ற கைனேஸுக்கு ஃபைல் போகும். அது ஐ.கே.கே. என்ற கைனேஸ் மேல் முத்திரை குத்தும். ஐ.கே.கே.யின் மேஜைதான் முக்கியமான மேஜை.

ஏனென்றால் அழற்சி ஜீன்களை இயக்கும் மேனேஜர், என்.எஃப்.கப்பா-பி என்ற புரோட்டீன், எப்போதும் ரெடியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரோட்டீன் அதை இறுக்கிப் பிடித்து, நியூக்ளியஸுக்குள் போக விடாமல் வெளியே உட்கார வைத்திருக்கிறது. ஐ.கே.கே. முத்திரை குத்துவது இந்தப் பிடித்திருக்கும் ஆள் மேல்தான். குத்திய முத்திரையின் அர்த்தம் "இவனைக் கலைத்துவிடு". சில நிமிஷங்களில் செல்லின் குப்பை அரவை இயந்திரம் ஐ-கப்பா-பி-யைத் துண்டு துண்டாக்கிவிடும். மேனேஜர் விடுதலை. நியூக்ளியஸுக்குள் போய் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 என்று அழற்சிச் செய்திகளை அச்சடிக்க உத்தரவு போடும். இந்த மேனேஜரை 1986-ல் கண்டுபிடித்தவர்கள் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். உள்ளே போன மேனேஜர் முதல் சில உத்தரவுகளிலேயே இன்னொன்றும் போடும்: "புது ஐ-கப்பா-பி தயாரித்து அனுப்பு". அதாவது, தன்னைப் பிடித்து வெளியே இழுக்கப்போகும் ஆளைத் தானே வேலைக்கு எடுக்கிறது! கூடவே ஏ20 என்ற இன்னொரு புரோட்டீனையும் தயாரிக்கச் சொல்லும். அது மேலே சொன்ன மேஜைகளுக்குப் போய் ஃபைலை மூடும். நெருப்பைப் பற்றவைக்கும் உத்தரவுக்குள்ளேயே அணைக்கும் உத்தரவும் இருக்கிறது. ஆடிட்டிங்கில் 'இன்டர்னல் செக்' என்று மூன்று பக்கம் எழுதி மனப்பாடம் செய்தோமே, அதைவிட சுத்தமான இன்டர்னல் செக் இது.

இந்த செக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஐ-கப்பா-பி ஆல்ஃபா ஜீனை எடுத்துவிட்ட எலிக்குட்டிகள் பிறந்த சில நாட்களில் செத்துப்போயின. மனிதர்களில் ஏ20 ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டிருந்தாலே, சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்பக் காய்ச்சல், வாயில் புண், மூட்டு வலி என்று படுத்துகிற ஒரு நோய் வருகிறது. இதை 2016-ல் அடையாளம் கண்டார்கள். இவர்களுக்குக் கிருமி பிரச்சினை இல்லை. "எதிர்ப்பு சக்தி" ஜோராக இருக்கிறது. அணைக்கத்தான் ஆள் பத்தவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். இராக்-4 கைனேஸ் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளை 2003-ல் விவரித்தார்கள். நிமோகாக்கஸ் மாதிரி பாக்டீரியாக்கள் அந்தக் குழந்தைகளை உயிருக்கே ஆபத்தாகத் தாக்குகின்றன. உள்ளே அவ்வளவு பெரிய தொற்று இருந்தும் காய்ச்சல்கூட சரியாக வருவதில்லை. ஆக, முத்திரை விழாவிட்டாலும் ஆபத்து, விழுந்த முத்திரை அழியாவிட்டாலும் ஆபத்து.

நிஜமாகவே பூஸ்ட் பண்ணிப் பார்த்தார்கள்

"சும்மா சொல்லாதே, எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் என்ன குறைந்துவிடும்?" என்பவர்களுக்கு, ஒரு மருந்து நிஜமாகவே அதைக் கூட்டிய கதையைச் சொல்கிறேன்.

டி-செல் என்பது எதிர்ப்புப் படையின் முக்கியமான சிப்பாய். அது களத்தில் இறங்க இரண்டு அனுமதி வேண்டும். எதிரியின் துண்டை அடையாளம் கண்டது முதல் கையெழுத்து. சி.டி.28 என்ற உணர்வி வழியாக "ஆமாம், நிஜமாகவே ஆபத்துதான்" என்று வரும் உறுதி இரண்டாவது கையெழுத்து. இரண்டும் சேர்ந்தால்தான் உள்ளே இருக்கும் கைனேஸ்கள் முழு வேகத்தில் முத்திரை குத்தும். நம் கல்லூரி அசோசியேஷன் அக்கவுண்ட்டில் செக் எடுக்க இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் இல்லையா, அதே ஏற்பாடு.

டி.ஜி.என்.1412 என்ற மருந்து சி.டி.28-ஐ நேரடியாக அழுத்தி, முதல் கையெழுத்து இல்லாமலேயே செக்கைப் பாஸ் பண்ண வைத்தது. 2006 மார்ச்சில் லண்டனில் உள்ள நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு அதை முதன்முதலாகச் செலுத்தினார்கள். கொடுத்த அளவு, விலங்குகளுக்குப் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் 500-ல் ஒரு பங்குதான். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் தலைவலி, நடுக்கம், வாந்தி. பிறகு ரத்த அழுத்தம் விழுந்து, நுரையீரலும் சிறுநீரகமும் தடுமாறி, ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஆறு பேரும் பிழைத்தது பெரிய விஷயம். ஒருவர் கை, கால் விரல்களின் பகுதிகளை இழந்தார்.

எந்தக் கிருமியும் இல்லை, விஷமும் இல்லை. அவர்களுடைய சொந்த எதிர்ப்பு சக்திதான், எதிரியே இல்லாமல், முழுசாக ஆன் ஆனது. அட்டையில் எழுதியிருக்கும் "அதிகரிக்கும்" என்ற சொல்லை அதன் நேர் அர்த்தத்தில் எடுத்தால் இதுதான் நடக்கும். பிஸ்கட் சாப்பிட்டால் இப்படி ஆகாது, பயப்படாதீர்கள். ஏனென்றால் பிஸ்கட் எதையும் அதிகரிப்பதில்லை.

கொரோனாவில் நடந்ததும் இதன் தம்பிதான்

கொரோனாவில் மோசமான நிலைக்குப் போன பலரை இரண்டாவது வாரத்தில் அடித்தது வைரஸை விட அழற்சிதான். இதற்கு நேரடி ஆதாரம் 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வில் வந்தது. டெக்ஸாமெதாசோன் என்ற பழைய, மலிவான, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 41 பேரிலிருந்து 29 பேராகக் குறைந்தது. ஊரே எதிர்ப்பு சக்தியை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் உயிரைக் காப்பாற்றியது இறக்கிய மருந்து!

இந்த ஸ்டீராய்டு செய்யும் பல வேலைகளில் ஒன்று, டஸ்ப்-1 என்ற பாஸ்படேஸை அதிகம் தயாரிக்க வைப்பது. அது பி38 என்ற அழற்சிக் கைனேஸ் மேல் விழுந்த முத்திரையை அழிக்கும். முத்திரை அழிப்பவர் கையில் ரப்பரைக் கொடுத்த மாதிரி.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது, அதை நம் ஊரில் பலர் படிக்கவில்லை. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு இந்த மருந்தால் பலன் இல்லை. இறப்பு விகிதம் 14-க்கு 17.8 என்று கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, கெடுதலாகக்கூட இருக்கலாம் என்றார்கள். அவர்களுக்கு இன்னும் வைரஸோடு சண்டை முடியவில்லை, நடுவில் படையை வாபஸ் வாங்கினால் எப்படி? 2021-ல் இரண்டாவது அலையின்போது லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் எத்தனை பேர். அந்த வருஷம் இந்தியாவில் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்புப் பூஞ்சை வந்ததற்கு, கட்டுப்படாத சர்க்கரையோடு சேர்த்து, ஸ்டீராய்டை இஷ்டத்துக்குக் கொடுத்ததும் ஒரு காரணம் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

அதாவது, ஏற்றுவதும் மந்திரம் இல்லை, இறக்குவதும் மந்திரம் இல்லை. யாருக்கு, எப்போது, எந்த முத்திரையை என்பதுதான் கேள்வி.

ஒரே ஒரு மேஜையை மட்டும் மூட முடியுமா?

இங்கேதான் கைனேஸ் மருந்துகள் வருகின்றன. ஸ்டீராய்டு ஆபீஸ் முழுக்க லைட்டை மங்கலாக்கும். கைனேஸ் தடுப்பான் ஒரு குறிப்பிட்ட மேஜையை மட்டும் மூடப் பார்க்கும்.

இதில் பிரபலமான குடும்பம் ஜேக். 1989 வாக்கில் கண்டுபிடித்தபோது "இன்னொரு சாதா கைனேஸ்" என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்களாம். பிறகு மரியாதையாக, இரண்டு முகம் உள்ள ரோமானியக் கடவுள் ஜேனஸ் பெயரை வைத்தார்கள். ஜேக்-1, ஜேக்-2, ஜேக்-3, டி.ஒய்.கே.2 என்று நாலு பேர். வெளியிலிருந்து இன்டர்லூக்கின்-6 மாதிரி அழற்சிச் செய்திகள் வந்தால், செல்லுக்குள் அதை வாங்கி முத்திரை குத்துவது இவர்கள்தான். இவர்களைத் தடுக்கும் டோஃபாசிட்டினிப் மாத்திரை 2012-ல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. பாரிசிட்டினிப் என்ற இன்னொன்று கொரோனாவுக்கும் பயன்பட்டது. 2022-ல் வந்த ரெகவரி முடிவில், மற்ற சிகிச்சைகளோடு இதையும் சேர்த்தபோது இறப்பு 14 சதவீதத்திலிருந்து 12 ஆனது.

பி.காம் காரன் ஏன் இதைப் படித்தேன் என்று ஆரம்பத்தில் கேட்டீர்களே. காரணம் எங்கள் பெரியம்மா. அவருக்குப் பத்து வருஷமாக முடக்குவாதம், எங்கள் பக்கத்தில் சரவாங்கி என்பார்கள். மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வில் அழற்சி அணையாமல் எரிந்து எலும்பையே அரிக்கும். பழைய மாத்திரைகள் போதாமல் போனபோது டாக்டர் டி.பி. டெஸ்ட் எல்லாம் எடுத்துவிட்டு டோஃபாசிட்டினிப் ஆரம்பித்தார். நாலைந்து மாதத்தில் பெரியம்மா தானே புடவை கொசுவம் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். காபி டம்ளரை ஒரு கையால் பிடித்தார். எங்கள் வீட்டில் அது தீபாவளி மாதிரி.

பிறகு ஒரு சொந்தக்காரர் மாத்திரை டப்பாவுக்குள் இருந்த காகிதத்தைப் படித்துவிட்டார். "அண்ணி, இது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரையாம். இந்தக் காலத்துல போய் யாராவது அதைக் குறைப்பாங்களா? தூக்கிப் போடுங்க" என்று சொல்லி, எதிர்ப்பு சக்தி ஏற்றும் பொடி ஒரு டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியம்மா டாக்டரிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிட்டார். அஞ்சு வாரத்தில் விரல்கள் மறுபடி வீங்கின. திரும்ப மாத்திரையைத் தொடங்கி பழைய நிலைக்கு வர மூன்று மாதம் ஆனது. அந்த இடைவெளியில் அரித்த எலும்பு இனி வளராது.

அந்தச் சொந்தக்காரர் கெட்டவர் இல்லை. பாசத்தில்தான் சொன்னார். "அதிகரித்தால் நல்லது, குறைத்தால் கெட்டது" என்ற ஒற்றை வரியை விளம்பரம் அவர் தலையில் எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். என் கோபம் அந்த வரி மேல்.

மாத்திரைக்கும் பில் உண்டு

இதைப் படித்துவிட்டு யாரும் கைனேஸ் மாத்திரையை அமிர்தம் என்று நினைக்க வேண்டாம். ஒரே கைனேஸ் பல ஃபைல்களில் முத்திரை குத்துகிறது. மேஜையை மூடினால் நல்ல ஃபைலும் நிற்கும்.

டோஃபாசிட்டினிப்பை 50 வயதைத் தாண்டிய, இதய நோய்க்கான ஆபத்து ஏதாவது ஒன்றாவது இருந்த 4,362 முடக்குவாத நோயாளிகளிடம் வைத்து டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளோடு ஒப்பிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மாத்திரைப் பக்கம் 3.4 சதவீதம், ஊசிப் பக்கம் 2.5. புற்றுநோய் 4.2-க்கு 2.9. இதை வைத்து 2021 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கையை டப்பாவில் போட வைத்தது. அக்கி வருவதும் இந்த மாத்திரையில் அதிகம். இந்தியாவில் பல கம்பெனிகள் இதை ஜெனரிக்காகத் தயாரிக்கின்றன. பழைய சீட்டை நீட்டி தானாக வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் இருப்பார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பி38 கைனேஸின் கதை இன்னும் பாடம். 1994-ல் அது கண்டுபிடிக்கப்பட்டபோது அழற்சியின் மெயின் ஸ்விட்ச் கிடைத்துவிட்டது என்று பல கம்பெனிகள் பணத்தைக் கொட்டின. முடக்குவாத நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தால், ரத்தத்தில் அழற்சி அளவு முதலில் இறங்கியது, சில வாரங்களில், மாத்திரை உள்ளே இருக்கும்போதே, மறுபடி ஏறியது. காரணமாகச் சொல்லப்படுவது என்ன தெரியுமா? பி38 அழற்சியைத் தூண்டும்போதே அதன் பிரேக்குகளையும் இயக்குகிறது. அதை மூடினால் பிரேக்கும் போய்விடுகிறது. கல்லீரல் தொந்தரவும் சேர்ந்துகொள்ள, முடக்குவாதத்துக்கு ஒரு பி38 மருந்துகூட சந்தைக்கு வரவில்லை.

இயற்கையே போட்ட ஒரு கணக்கும் இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே டி.ஒய்.கே.2 கைனேஸ் கொஞ்சம் மந்தமாக வேலை செய்யும் ஒரு ஜீன் மாற்றம் உண்டு. அவர்களுக்கு சோரியாசிஸ் மாதிரி தன்னைத் தானே தாக்கும் நோய்கள் வரும் வாய்ப்பு குறைவு. ஆஹா, நல்ல ஜீன் என்று தோன்றுகிறதா? அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் இரண்டு பிரதியாக அது வந்துவிட்டால் டி.பி. வரும் ஆபத்து அதிகம். ஒரு பக்கம் டெபிட், ஒரு பக்கம் கிரெடிட். உலக டி.பி. நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இருக்கும் நம் நாட்டில், இந்த மாத்திரைகளுக்கு முன்னால் டி.பி. டெஸ்ட் எடுக்கச் சொல்வது சும்மா சடங்கு இல்லை.

"அப்ப சத்தான சாப்பாடு, தடுப்பூசி எல்லாம் வேஸ்ட்டா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்வி. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், டி.பி. நோயாளிகளின் வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தபோது, அவர்களுக்கு டி.பி. வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஆனால் அங்கே நடந்தது பற்றாக்குறையை நிரப்பியது. சம்பளம் வராத ஸ்டாம்ப் குமாஸ்தாவுக்குச் சம்பளம் கொடுத்தால் அவர் வேலையைச் செய்வார். ஏற்கெனவே முழுச் சம்பளம் வாங்குகிறவருக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுத்தால் முத்திரை டபுளாக விழாது. விழவும் கூடாது.

தடுப்பூசி வேறு வகை. பேங்கில் ஸ்பெசிமன் சிக்னேச்சர் கார்டு என்று வைத்திருப்பார்களே, அதுதான் தடுப்பூசி. எந்த முகம் எதிரி என்று முன்கூட்டியே காட்டி வைக்கிறது. நிஜ எதிரி வந்தால் முதல் கையெழுத்து சீக்கிரம் விழும், சண்டையும் சீக்கிரம் முடியும். மொத்தமாக எல்லாவற்றையும் ஏற்றிவிடும் வேலை அதற்கு இல்லை.

ஆகவே மக்களே, என் கோரிக்கை சின்னதுதான். இனி யாராவது "இது எதிர்ப்பு சக்தியை அதிகரிக்கும்" என்று ஒன்றை நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த செல்லில்? எவ்வளவு நேரத்துக்கு? அணைப்பது யார்? பதில் வராது. வராத பதிலுக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று நாம் படிக்கிற காஸ்டிங் பேப்பரே சொல்லும். அதே போல, உங்கள் வீட்டில் யாராவது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால், "குறைக்கிறதா, ஐயோ" என்று பதறாதீர்கள். காய்ச்சல், சளி, அக்கி என்று ஏதாவது வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், தற்காலிகமாக நிறுத்தச் சொல்வதென்றால் அவரே சொல்வார். நிறுத்தும் கையெழுத்தும் அவருடையதாக இருக்கட்டும், பாசக்காரச் சித்தப்பாவுடையதாக வேண்டாம்.

திட்டுவதானாலும் பாராட்டுவதானாலும் பின்னூட்டத்தில் வந்து சொல்லுங்கள். பயாலஜி படிக்கும் நண்பர்கள் இருந்தால், விட்டுப்போனதைச் சேர்த்துச் சொன்னால் எல்லோருக்கும் உதவும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, டாக்டருக்குப் படிக்கிறவனும் இல்லை. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் ஆரம்பிக்கவோ நிறுத்தவோ செய்யாதீர்கள். அடுத்த பதிவு மறுபடி காமர்ஸ்தான், பயப்படாமல் வரலாம் :-)